பள்ளி விடுமுறையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்
(தோட்ட மாதர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

பள்ளிக்கு விடுமுறை உண்டு. பால்மரத்துக்கு விடுமுறை இல்லை. இன்று நான் பேசவிருக்கும் பொருள் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

கோடைக்காலம், குளிர்காலம் என்னும் பாகுபாடு நம் நாட்டில் இல்லை. ஆகவே கோடை விடுமுறை என்ற ஒன்றும் நமக்கில்லை. ஆனால் தவணை விடுமுறைகள் உண்டு. ஆண்டின் நடுவில் ஏறத்தாழ இரண்டு வாரமும், ஆண்டிறுதியில் அதனினும் நீண்ட விடுமுறையும் உண்டு. சில ஆண்டுகள் மார்ச்சு, பிப்ரவரி மாதங்களில் தொடங்கிவந்த பள்ளி ஆண்டு, 2026 முதல் மறுபடியும் ஜனவரிக்கே திரும்பியிருக்கிறது. எனவே பழைய வழக்கப்படி டிசம்பர் மாதம் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். அதுவோ அடைமழைக் காலம். காலையில் பெய்த மழையால் வெட்டு தாமதமாகும். தாமதமானால் பாலெடுத்து நிறுத்து வீடு திரும்புவதும் தாமதமாகும். பெற்றோர் எப்போது வருவர் என்று பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோர்க்கும் தெரியாது.

நம் தொழில் ஏன் விடியுமுன் தொடங்குகிறது என்பதை நீங்கள் நன்கறிவீர்கள். குளிர்ந்த வேளையில் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறியதும் இலைகள் நீரை ஆவியாக வெளிவிட, அழுத்தம் தளர்ந்து பாலொழுக்கு குறைந்துவிடும். ஆகையால் உளியை எடுத்துக்கொண்டு இருட்டிலேயே புறப்பட்டாக வேண்டும். தாயும் தந்தையும் சேர்ந்து புறப்படும் வீட்டில், உறங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையின் கதி என்ன? கைக்குழந்தைகளுக்கு அந்நாளில் ஆயாக்கொட்டகை இருந்தது; சில இடங்களில் இன்றும் இருக்கிறது. ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் ஆயாக்கொட்டகை இல்லை. பள்ளிதான் அவர்களுக்குக் காவல். பள்ளிக் கதவு மூடிய நாளில் அந்தக் காவலும் இல்லை.

இந்நிலையில் நம் மக்கள் வழக்கமாகச் செய்வன இரண்டு. ஒன்று, பிள்ளையை வெட்டுக்காட்டுக்கு அழைத்துச் செல்வது. மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் எடுக்கவும் ஒரு கை உதவுமே என்பது எண்ணம். அங்கே பாம்பும் தேளும் உண்டு, கூரிய உளி உண்டு, கொசுக்கடி உண்டு. சிறார்களை வேலையில் ஈடுபடுத்துவதற்கு 1966-ஆம் ஆண்டின் குழந்தைகள், இளையோர் வேலைவாய்ப்புச் சட்டம் வரம்பு விதித்திருக்கிறது என்பதையும் மறத்தலாகாது. மற்றொன்று, மூத்த பிள்ளையை, பெரும்பாலும் மூத்த பெண்ணை, வீட்டில் வைத்து இளையவர்களை அவளிடம் ஒப்படைப்பது. இந்த இரண்டாவது வழக்கத்தைப் பற்றி நான் பட்டறிவால் பேசுகிறேன்.

அப்போது எனக்கு வயது பதினொன்று, தம்பிக்கு ஐந்து. ஆண்டிறுதி விடுமுறை. அம்மாவும் அப்பாவும் வெட்டுக்குப் போய்விட்டார்கள். இரவெல்லாம் பெய்த மழையில் லயத்தின் பின்புறக் கால்வாய் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. நான் அடுப்பில் உலையை ஏற்றிவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தேன். தம்பி காகிதக் கப்பல் விடப் போனதை நான் பார்க்கவில்லை. கடைசி வீட்டுப் பாட்டியின் கூச்சலைக் கேட்டு ஓடியபோது, அவர் இடுப்பளவு நீரில் நின்று தம்பியின் சட்டையைப் பற்றியிருந்தார். இன்னும் பத்தடி சென்றிருந்தால் கால்வாய் குழாய்ப் பாலத்துக்குள் நுழைந்திருக்கும்.

மாலையில் அம்மா என்னை அடித்தார். பாட்டி வந்து தடுத்தார். “அவளை ஏன் அடிக்கிறாய்? பிள்ளையிடம் பிள்ளையை விட்டுப் போனது யார்?” என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, “நான் என்ன செய்யட்டும் பெரியம்மா? ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போகிறதே” என்று அழுதார். இருவர் சொன்னதும் உண்மை. அந்த இரண்டு உண்மைகளுக்கும் இடையில்தான் நம் பிள்ளைகள் அந்நாளில் வாழ்ந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள்.

மறுநாள் விடியற்காலையில் பாட்டியின் வீட்டில் விளக்கெரிந்தது. எங்களை அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். ஒரு வாரத்தில் இன்னும் சில பிள்ளைகள் சேர்ந்தார்கள். வாரக் கடைசியில் ஒவ்வொரு வீட்டாரும் அரிசியோ பணமோ கொடுத்தார்கள். புல்வெட்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த அந்த மூதாட்டிக்கு அது ஒரு சிறு வருவாயாயிற்று. எனக்கோ, அந்த விடுமுறையின் எஞ்சிய நாள்களில் நானும் ஒரு சிறுமியாக விளையாடக் கிடைத்தது.

தாய்மார்களே! அந்தப் பாட்டி செய்ததை இன்று நீங்களும் செய்யலாம். வீட்டில் இருக்கும் பெண்கள், ஓய்வு பெற்ற முதியவர்கள், உடல்நலம் காரணமாகக் காட்டு வேலைக்குச் செல்ல இயலாதவர்கள் ஆகியோர் தத்தம் இல்லத்திலேயே விடுமுறைக் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அன்று போலக் கதவைத் திறந்து வைத்தால் மட்டும் இன்று போதாது. சட்டம், வீட்டின் பாதுகாப்பு, நாள்முறை, கணக்கு, ஒழுங்கு ஆகிய ஐந்தையும் எண்ணிப் பார்த்துத் தொடங்க வேண்டும். அவற்றை ஒவ்வொன்றாகக் கூறுகிறேன்.

முதலாவது, சட்டம். 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டத்தின்படி 18 வயதுக்குட்பட்டவர் யாவரும் சிறாரே. தகுந்த கண்காணிப்புக்கும் பராமரிப்புக்கும் வழி செய்யாமல் சிறாரை விட்டுச் செல்வது அச்சட்டத்தின்கீழ்க் குற்றமாகும். இது பெற்றோர்க்கு மட்டுமன்று. அந்நேரத்தில் பிள்ளையைப் பொறுப்பேற்றிருப்பவர்க்கும் பொருந்தும். ஆகவே, பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் போய்வரலாம் என்று பராமரிப்பவர் எண்ணக்கூடாது.

எத்தனை பிள்ளைகளை ஏற்கலாம் என்பதும் சட்டத்தோடு தொடர்புடையது. 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு நிலையச் சட்டம், நான்கு பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களை, நாளொன்றுக்குத் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேலாக, வாரத்தில் குறைந்தது மூன்று நாள் பகலில் வைத்துப் பராமரிக்கும் இடத்தைப் பகல்நேரப் பராமரிப்பு நிலையமாகக் கருதுகிறது. கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இது பொருந்தும். அத்தகைய இடம் சமூகநல இலாகாவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். நான்கு வயதுக்குட்பட்ட மழலைகளுக்கோ 1984-ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டம் தனியாக உள்ளது. ஆதலால் என் யோசனை இதுதான்: ஒரே வீட்டில் ஒன்பது பிள்ளைகளைத் திரட்டாதீர்கள். ஒரு வீட்டார் இரண்டு அல்லது மூன்று பிள்ளைகளை மட்டும் ஏற்கட்டும். அடுத்த வீட்டார் வேறு மூவரை ஏற்கட்டும். அதற்கு மேற்பட்ட பிள்ளைகளை ஏற்க விரும்புவோர் மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்கு முன்கூட்டியே சென்று, தம் வீட்டுக்கு எந்த விதி பொருந்தும் என்று கேட்டுத் தெளிந்து, பதிவுக்கு விண்ணப்பிக்கட்டும். தோட்ட வீட்டில் குடியிருப்போர் நிருவாகத்திடமும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நலம்.

இரண்டாவது, வீடு. நாள்தோறும் புழங்கும் நம் கண்ணுக்கு வீட்டின் ஆபத்துகள் தோன்றுவதில்லை. ஒருநாள் குனிந்து, எட்டு வயதுப் பிள்ளையின் உயரத்திலிருந்து உங்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். கதவுக்குப் பின்னால் சாத்திய உளி தெரியும். மேசைக்கடியில் பால் உறைய வைக்கும் பார்மிக் ஆசிட் தெரியும். அதைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கும் கெட்ட பழக்கம் நம்மிடையே உண்டு. தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு அது பானமாகவே தோன்றும். எந்த மருந்தையும் அதற்குரிய கலத்தை விட்டு வேறு கலத்துக்கு மாற்றாதீர்கள். பூட்டிய பெட்டியில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் முற்றாகத் தடை செய்யப்பட்டுவிட்டது. எனினும் பழைய புட்டி ஏதேனும் கொட்டகை மூலையில் கிடக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தோட்ட நிருவாகத்திடம் ஒப்படையுங்கள், கால்வாயில் கொட்டாதீர்கள்.

ஆசிட் தோலிலோ கண்ணிலோ பட்டால், ஓடும் தூய நீரில் இருபது நிமிடமாவது கழுவிய பின் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். இறங்கும்போது சுட்டது ஏறும்போதும் சுடும். புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். சுடுநீர் பட்ட காயத்திற்கும் குளிர்ந்த நீரே முதல் மருந்து. பற்பசையோ எண்ணெயோ தடவக்கூடாது. பாம்பு கடித்தால் கீறுவதோ, இறுகக் கட்டுவதோ, வாய்வைத்து உறிஞ்சுவதோ கூடாது. பிள்ளையை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அவசர அழைப்புக்கு 999 என்னும் எண்ணைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

கால்வாய், கிணறு, ஆறு, பழைய ஈயக் குட்டை ஆகியவற்றின் பக்கம் பெரியவர் துணையின்றிப் பிள்ளைகள் போகக்கூடாது என்பது மாற்ற முடியாத விதியாக இருக்கட்டும். வீட்டைச் சுற்றிக் கிடக்கும் பழைய மங்குகளைக் கவிழ்த்து வையுங்கள். அவற்றில் தேங்கும் சிறிதளவு நீரே டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடப் போதுமானது. இதைப் பிள்ளைகளைக் கொண்டே வாரம் ஒருமுறை செய்யலாம். அது அவர்களுக்குப் பாடமாகவும் அமையும்.

மூன்றாவது, நாள்முறை. இருட்டில் கொண்டுவரப்படும் பிள்ளையை உடனே எழுப்பி உட்கார வைக்க வேண்டா. பாயும் போர்வையும் கொடுத்து உறங்க விடுங்கள். ஏழரை மணிக்குப் பசியாறல். அதன் பின், தலை தெளிந்திருக்கும் வேளையில் ஒரு மணி நேரம் படிப்பு. நீங்கள் பாடம் கற்பிக்கத் தேவையில்லை. தமிழில் ஒரு பக்கம், மலாய் மொழியில் ஒரு பக்கம் உரக்கப் படிக்கச் செய்து கேட்டாலே போதும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார், “எனக்குப் படித்துக் காட்டு, கதை என்னவென்று சொல்” என்று கேட்கலாம். கேட்க ஓர் ஆள் இருக்கும்போது பிள்ளை விரும்பிப் படிக்கும். பின்னர் வெயில் கடுமையாகுமுன் மரநிழலில் விளையாட்டு. பதினொரு மணிக்குமேல் பல்லாங்குழி, தாயம், சித்திரம், தையல் போன்றவை. பின்பு சாப்பாடு, ஓய்வு.

நாள் முழுவதும் கைத்தொலைபேசியைக் கொடுத்து உட்கார வைப்பது பராமரிப்பு ஆகாது. அது பிள்ளைக்கும் நமக்கும் நடுவே திரை போட்டதாகும். ஒரு நேரம் குறித்து, நம் கண் பார்வையில் கொடுக்கலாம். அதுபோலவே பெரிய பெண்பிள்ளையிடம் துடைப்பத்தைக் கொடுத்து, சிறியவர்களையும் அவள் தலையில் கட்டிவிடாதீர்கள். தட்டைக் கழுவுவதும் பாயைச் சுருட்டுவதும் ஆணும் பெண்ணும் எல்லாரும் செய்ய வேண்டிய வேலைகள். அவளும் பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவளே.

நான்காவது, கணக்கு. அக்கம்பக்கத்தாரிடம் பணம் பேசுவதா என்று பலர் கூசுகிறார்கள். பேசாமல் தொடங்கிய உறவுதான் பாதியில் முறிகிறது. ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். இது நிர்ணயித்த கட்டணமன்று, கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்கு மட்டுமே. மூன்று பிள்ளைகள், விடுமுறையில் 12 வேலை நாள்கள், பிள்ளை ஒன்றுக்கு நாளுக்கு 15 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மொத்த வரவு 540 வெள்ளி. உணவுக்குப் பிள்ளை ஒன்றுக்கு நாளுக்கு 5 வெள்ளி என்றால் செலவு 180 வெள்ளி. எரிவாயு, சவர்க்காரம், தாள், பென்சில் ஆகியவற்றுக்கு 40 வெள்ளி. எஞ்சுவது 320 வெள்ளி. இது பெரும்பொருள் ஈட்டும் தொழிலன்று என்பது தெளிவு. ஆனால் வீட்டை விட்டு நீங்க முடியாத ஒரு பெண்ணுக்கு, அவள் உழைப்பால் வந்த பணம் அது. பெற்றோர் பக்கமும் பாருங்கள்: பிள்ளையைப் பார்க்க ஒருவர் வேலைக்குப் போகாமல் நின்றால் இழக்கும் கூலி எவ்வளவு என்று கணக்கிட்டு, இரண்டையும் ஒப்பிட்டுக் கொள்ளுங்கள்.

முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டியவை சில உண்டு. மழையால் வெட்டு இல்லாத நாளுக்குப் பணம் உண்டா, இல்லையா? பிள்ளையைக் கூட்டிச் செல்லத் தாமதமானால் என்ன ஏற்பாடு? பணம் வாரந்தோறுமா, சம்பள நாளன்றா? பணம் கொடுக்க இயலாத வீட்டார் அரிசியாகவோ, ஞாயிற்றுக்கிழமை ஓர் உதவியாகவோ ஈடு செய்யலாமா? இவற்றை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். அதே புத்தகத்தில் பிள்ளையின் பெயர், வயது, பெற்றோரின் தொலைபேசி எண், அன்றன்று அவர்கள் வெட்டும் நிரை, பிள்ளைக்கு ஆகாத உணவு, இழுப்பு நோயோ வேறு நோயோ உண்டா என்னும் விவரம், பிள்ளையை அழைத்துச் செல்ல உரிமையுள்ளவர் யார் என்பன இருக்க வேண்டும். காட்டுக்குள் தொலைபேசி எட்டாமற் போகலாம். அப்போது நிரை தெரிந்தால்தான் ஆள் அனுப்ப முடியும். குறித்த ஆளன்றி வேறு யார் வந்து கேட்டாலும், உறவினரே ஆயினும், பிள்ளையை அனுப்பக்கூடாது.

ஐந்தாவது, ஒழுங்கு. பிறர் பிள்ளையை அடிக்க உங்களுக்கு உரிமையில்லை. “நன்றாக அடியுங்கள் அக்கா” என்று தாயே சொன்னாலும் இல்லை. குறும்பு செய்யும் பிள்ளையைச் சற்று நேரம் அருகில் உட்கார வைத்துப் பேசுங்கள். பெற்றோரிடம் அன்றே சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கூச்சத்தை விட்டுச் சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் வீட்டின் முன்கதவு திறந்திருக்கட்டும். மூடிய அறைக்குள் எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனித்திருக்க வேண்டா. வீட்டுக்கு வந்து போகும் ஆடவர், குடித்துவிட்டு வருவோர் ஆகியோரைப் பற்றி முன்னதாகவே எண்ணிப் பாருங்கள். வீட்டில் குடிப்பழக்கம் உள்ளவர் இருந்தால் இந்தப் பணியை ஏற்காதிருப்பதே நேர்மை. பெற்றோரும் இதைக் கேட்கத் தயங்கக்கூடாது. கேட்டால் பராமரிப்பவர் முகம் சுளிக்கவும் கூடாது.

கூலி பெற்று ஒரே ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரும் 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிறார் பராமரிப்பாளரே. பிள்ளை ஒன்று கொடுமைக்கு ஆளாகியிருக்கிறது என்று நம்பத் தக்க காரணம் இருந்தால், அதை உடனே சமூகநல அதிகாரியிடம் தெரிவிப்பது அவருடைய கடமை என்று அச்சட்டம் கூறுகிறது. சிறார்மீதான பாலியல் குற்றங்களுக்கென 2017-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. குற்றம் தெரிந்தும் தெரிவிக்காமலிருப்பது அச்சட்டப்படி குற்றம். “ஊர்வாய்க்கு அஞ்சி மூடிவிட்டோம்” என்பது பிள்ளையைக் காக்காது. தாலியான் காசே என்னும் உதவிச் சேவையை 15999 என்ற எண்ணில் அழைக்கலாம்.

தாய்மார்களே! இவ்வளவு விதிகளைக் கேட்டதும், இந்தத் தொல்லை நமக்கேன் என்று தோன்றலாம். நான் கூறியவற்றுள் பெரும்பாலானவை அன்புள்ள தாய் தன் பிள்ளைக்குத் தானாகவே செய்பவை. அதைப் பிறர் பிள்ளைக்கும் தவறாமல் செய்ய ஒரு முறை வேண்டும் என்பதற்காகவே அவற்றை எழுதி வைக்கச் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் லயத்துக்கு லயம் ஆள் நிறைந்திருந்தது. ஒரு பிள்ளை அழுதால் பத்துக் கதவு திறந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புப் பகுதிகளாகியும் நம் மக்கள் சிதறிப் போயினர். எஞ்சியிருக்கும் தோட்டங்களில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. தானாகத் திறந்த கதவுகள் குறைந்துவிட்ட இக்காலத்தில், நாமே பேசி, திட்டமிட்டு, ஒரு கதவையேனும் திறந்து வைக்க வேண்டியிருக்கிறது. கோத்தோங் ரோயோங் என்று கூடிச் சாக்கடை துப்புரவு செய்கிறோம்; கோயில் திருவிழா நடத்துகிறோம். அதே கூட்டுணர்வைப் பிள்ளைகளைக் காப்பதிலும் காட்டுவோமாக.

அடுத்த விடுமுறைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்தக் கூட்டம் கலையுமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை காணுங்கள். நம் தோட்டத்தில் விடுமுறை நாளில் தனித்திருக்கும் பிள்ளைகள் யார், யார்? அவர்களை ஏற்கக்கூடிய வீடுகள் எவை? இவ்விரண்டையும் ஒரு தாளில் எழுதிவிட்டீர்களானால் பாதி வேலை முடிந்தது.

எங்கள் கடைசி வீட்டுப் பாட்டி மறைந்து பல்லாண்டுகள் ஆகின்றன. அவர் நீரிலிருந்து தூக்கிய என் தம்பிக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கால்வாயும் நினைவுக்கு வருகிறது. மறுநாள் இருட்டில் எரிந்த அந்த விளக்கும் நினைவுக்கு வருகிறது. உங்களுள் ஒருவர் வீட்டிலும் அவ்விளக்கு எரியட்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.